மோர்பீன் உடம்புக்குள் எங்கே போய் வேலை செய்கிறது? அப்பாவைப் பராமரிக்கும் ஒருவரின் கேள்வி

படுவான்கரை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 67 வயது. நவகிரிக் குளத்து நீரை நம்பி நாற்பது வருடம் வேளாண்மை செய்தவர். புற்றுநோய் முதுகெலும்புக்கும் விலா எலும்புக்கும் பரவிவிட்டது என்று சொல்லி, மட்டக்களப்பில் அவரைப் பார்க்கும் வைத்தியர் மூன்று வாரங்களுக்கு முன்னர் மோர்பீன் பாணி (சிரப்) மருந்தைத் தொடங்கினார். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சினால் அளந்து வாய்க்குள் விடுகிறேன். கொடுத்த நேரத்தையும் அளவையும் தம்பியின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதி வருகிறேன்.

அதற்கு முன்னர் பரசிற்றமோலும் ட்ரமடோல் குளிசையும் கொடுத்தார்கள். அவை போதவில்லை. இரவு முழுவதும் படுக்க முடியாமல் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே விடிய வைப்பார். மோர்பீன் தொடங்கிய மூன்றாம் நாள் பாயில் படுத்துத் தூங்கினார். காலையில் "எப்படி அப்பா?" என்று கேட்டேன். "நோவு அங்கதான் கிடக்கு புள்ள, ஆனா என்னைப் போட்டு உலுக்கல்ல" என்றார். அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. நோவு இருக்கிறது, ஆனால் உலுக்கவில்லை என்றால் அந்த மருந்து எதை நிறுத்தியது, எதை விட்டுவைத்தது? முதுகில் கைவைத்தால் தெரிகிறதா என்று கேட்டேன். கை சூடாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். உடம்பு மரத்துப் போகாமல் நோவு மட்டும் எப்படிக் குறையும்?

இவற்றோடு, நான்கு நாளாக அவருக்கு மலம் கழியவில்லை. கண்ணின் கருமணி ஊசித்துளை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பெரியப்பா இதைப் பார்த்துவிட்டு, மோர்பீன் என்பது கடைசிக் கட்டத்தில் உயிரை விரைவில் முடிக்கக் கொடுப்பது என்றும், பிழைத்தாலும் ஆள் அதற்கு அடிமையாகிவிடுவார் என்றும், கொடுக்காமல் விடும்படியும் சொல்கிறார். அவர் அப்பா மீது வைத்துள்ள பாசத்தில்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். வைத்தியர் நல்ல மனிதர். ஆனால் கிளினிக்கில் வரிசை நீளம், மண்டூருக்குத் திரும்ப வாவியைக் கடக்கும் பாதைப் படகைத் தவறவிட முடியாது, அப்பாவையும் அதிக நேரம் உட்கார வைக்க முடியாது. கேட்க நினைத்துப் போன கேள்விகள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன. தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பெரியப்பாவுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

---

கல்முனை உயிரியல் ஆசிரியர்:

மகள், முப்பது வருடம் உயர்தர மாணவர்களுக்கு நரம்புத் தொகுதியைப் படிப்பித்தவன் என்ற முறையில் உங்கள் முதற் கேள்விக்கு என்னால் இயன்ற விளக்கத்தைத் தருகிறேன். மருந்தின் அளவையும் மாற்றங்களையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அது வேலை செய்யும் விதத்தை மட்டுமே நான் சொல்கிறேன்.

அப்பாவின் விலா எலும்பைப் புற்றுநோய்க் கட்டி அரிக்கும்போது அங்குள்ள மெல்லிய நரம்பு நுனிகள் தூண்டப்படுகின்றன. அந்த நரம்பு முண்ணாணின் (முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தின்) பின்பக்கத்துக்கு வந்து முடிகிறது. முடியும் இடத்தில் அடுத்த நரம்புக்கலத்தை அது நேரே தொடுவதில்லை. மிக நுண்ணிய ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் குளுட்டமேட்டு, சப்ஸ்டன்ஸ் பி போன்ற இரசாயனங்களைக் கொட்டித்தான் செய்தியைக் கடத்துகிறது. அது மூளைக்கு ஏறிய பிறகுதான் மனிதன் "நோகிறது" என்கிறான். வேளாண்மைக் குடும்பத்துக்குத் துருசைப் பற்றி, அதாவது குளத்து மதகைப் பற்றி, விளக்கத் தேவையில்லை. குளத்தில் எவ்வளவு நீர் நின்றாலும் துருசு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுதான் வாய்க்காலில் ஓடும். முண்ணாணிலுள்ள அந்த இணைவிடம் நோவுக்குத் துருசு போன்றது. மோர்பீன் குளத்தை வற்ற வைப்பதில்லை, கட்டியைத் தொடுவதுமில்லை. அது துருசைத் தாழ்த்துகிறது.

தாழ்த்தும் கை எதுவென்றால், அந்த நரம்புக்கலங்களின் மென்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு வகைப் புரதம். அதற்கு ஓப்பியொயிட் வாங்கி என்று பெயர். (நமது பாடநூல்கள் வாங்கி என்கின்றன, தமிழ்நாட்டு நூல்களில் ஏற்பி என்று காண்பீர்கள்.) ஒரே புரதச் சங்கிலி மென்சவ்வை ஏழு தடவை ஊடுருவி வளைந்து நிற்கும், வெளிப்பக்கத்தில் மோர்பீன் வந்து பொருந்த ஒரு குழி இருக்கும், உட்பக்கத்தில் ஜி புரதம் என்ற துணைப் புரதம் காத்திருக்கும். மோர்பீன் குழிக்குள் அமர்ந்ததும் வாங்கியின் வடிவம் சற்றுத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தால் உள்ளே ஜி புரதம் விடுபட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. செய்தியைக் கொண்டுவரும் நரம்பின் நுனியில் கல்சியம் அயன் நுழையும் வாசல்களை அது ஒடுக்குகிறது. கல்சியம் நுழையாவிட்டால் அந்த நுனி தன் இரசாயனங்களை வெளியே கொட்ட முடியாது. செய்தியை வாங்கும் மறுபக்கக் கலத்திலோ பொற்றாசியம் வெளியேறும் வாசல்களைத் திறந்துவிடுகிறது. பொற்றாசியம் வெளியேற வெளியேற அந்தக் கலத்தின் உட்புறம் மேலும் எதிரேற்றமடைந்து, தட்டி எழுப்பினாலும் இலகுவில் எழும்பாத நிலைக்குப் போகிறது. கொடுப்பவன் கை இறுகுகிறது, வாங்குபவன் காதும் மந்தமாகிறது.

உங்கள் கை சூட்டை அப்பா உணர்ந்ததற்கும் இதிலேயே பதில் உண்டு. நோவைக் கொண்டுவரும் மெல்லிய நரம்புகளின் நுனியில் இந்த வாங்கிகள் நிறைய உள்ளன. தொடுகையைக் கொண்டுவரும் பருத்த நரம்புகளில் அவ்வாறு இல்லை. பல் பிடுங்கும்போது போடும் விறைப்பு ஊசி நரம்பின் சோடிய வாசல்களை அடைத்து எல்லாச் செய்திகளையும் நிறுத்துகிறது, ஆகவே கன்னமே மரத்துப்போகும். மோர்பீன் அப்படி மரக்க வைப்பதில்லை.

முண்ணாணோடு வேலை முடியவில்லை. மூளையின் நடுவே, மூளைப் பாய்பொருள் ஓடும் சிறிய கால்வாயைச் சுற்றி ஒரு சாம்பல் நிறப் பகுதி உண்டு. அங்கிருந்து கீழே முண்ணாணுக்கு இறங்கி, நோவின் துருசை மேலிருந்தே தாழ்த்தும் நரம்புகள் உள்ளன. சாதாரண வேளையில் காபா என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அந்த இறங்கு நரம்புகளை அடக்கி வைத்திருக்கும். மோர்பீன் அந்த அடக்கும் கலங்களை அடக்குகிறது. அதனால் இறங்கு நரம்புகள் விடுபட்டு வேலை செய்கின்றன. என் வகுப்பில் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான், இரண்டு தடவை வாசித்தால் விளங்கிவிடும்.

இனி "உலுக்கல்ல" என்ற சொல்லுக்கு வருகிறேன். பாடநூல் எழுதுபவர்கள் ஒரு பக்கம் எழுதிச் சொல்வதை உங்கள் அப்பா ஒரு சொல்லில் சொல்லியிருக்கிறார். எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்று அறியும் மூளைப் பகுதி ஒன்று. அந்த நோவினால் துன்பப்படும், பதறும் பகுதி வேறொன்று. துன்பத்தோடு தொடர்புடைய, மூளையின் நடுவரம்பில் வளைந்து கிடக்கும் பகுதியில் ஓப்பியொயிட் வாங்கிகள் செறிவாக உள்ளன. ஆகவே நோவு இருக்கும் இடம் அவருக்குத் தெரிகிறது, அது அவரைப் பிடித்து ஆட்டவில்லை. மோர்பீன் எடுத்த பலர் இதையே தத்தம் வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார்கள்.

மோர்பீன் எடுக்கப்படும் கசகசாச் செடியின் பாலுக்குப் பொருந்தும் குழி மனித மூளையில் ஏன் இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆராய்ச்சியாளர்களும் அதையே கேட்டார்கள். 1973இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட், சொலமன் ஸ்னைடர் ஆகியோரும், நியூயோர்க்கில் எரிக் சைமனும், சுவீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரேனியஸும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த வாங்கிகள் மூளையில் இருப்பதை நிரூபித்தனர். பூட்டு இருந்தால் உடம்புக்குள்ளேயே அதற்குச் சாவி இருக்க வேண்டும் என்று தேடி, 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜோன் ஹியூசும் ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெபலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். ஐந்தே ஐந்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. பின்னர் எண்டோர்பின், டைனோர்பின் ஆகியவையும் அறியப்பட்டன. பிள்ளை பெறும் தாயின் உடம்பும் காயம்பட்ட மனிதனின் உடம்பும் தாமே சுரக்கும் நோவு மருந்துகள் இவை. அவற்றுக்கென அமைந்த குழியில்தான் மோர்பீன் போய் அமர்கிறது.

அபர்டீன்காரர்கள் அதைக் கண்டுபிடித்த முறை உங்கள் இரண்டாவது கேள்விக்கும் உதவும். கினிப்பன்றியின் சிறுகுடற் துண்டு ஒன்றை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, சிறிய மின்னோட்டம் கொடுப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் குடல் சுருங்கும். அந்த நீரில் சிறிது மோர்பீன் விட்டால் சுருக்கம் தணியும். நலொக்சோன் என்ற எதிர்மருந்தை விட்டால் மீண்டும் சுருங்கும். மூளைச் சாற்றிலிருந்து பிரித்த எந்தப் பகுதி மோர்பீனைப்போல் குடலை அமைதிப்படுத்துகிறதோ அதில்தான் தேடும் பொருள் இருக்கிறது என்று பிடித்தார்கள். மூளையைப் பற்றிய கண்டுபிடிப்புக்குக் குடல்தான் அளவுகோலாக நின்றது, மகள். அப்பாவின் மலச்சிக்கலை மருந்தாளர் யாராவது விளக்குவார்கள் என்று நம்புகிறேன்.

---

காத்தான்குடி மருந்தாளர்:

சகோதரி, சேர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். முதலில் அவசரமானது: நான்கு நாள் மலம் கழியாமல் இருப்பதை அடுத்த கிளினிக் வரை பொறுக்க வேண்டாம். நாளையே அருகிலுள்ள வைத்தியசாலைக்குத் தகவல் சொல்லுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் இன்றே கூட்டிச் செல்லுங்கள். அவருக்கு முதுகெலும்பிலும் நோய் இருப்பதால், கால்கள் பலவீனமாவதோ சிறுநீர் போக முடியாமல் இருப்பதோ மலச்சிக்கலோடு சேர்ந்து தெரிந்தால் அது மருந்தின் வேலையாக இல்லாமல் முண்ணாண் நெரிபடுவதாக இருக்கலாம். அப்படியென்றால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது.

மருந்தினால் வருவது என்றால் காரணம் எளிது. முண்ணாணில் துருசைத் தாழ்த்தும் அதே மியூ வகை வாங்கி குடற் சுவரின் நரம்பு வலையிலும் இருக்கிறது. (மோர்பீனின் முதலெழுத்துக்கு இணையான கிரேக்க எழுத்துத்தான் மியூ, கப்பா, டெல்டா என்ற வகைகளும் உண்டு.) மோர்பீன் அங்கேயும் போய் அமர்ந்து, மலத்தைத் தள்ளும் அலையைத் தணிக்கிறது, குடலுக்குள் நீர் சுரப்பதும் குறைகிறது, மலம் நின்று வறள்கிறது. குமட்டலும் தூக்க மயக்கமும் பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் பழகிவிடும். குடல் மட்டும் பழகுவதேயில்லை. ஆகவேதான் மோர்பீன் எழுதும்போதே குடலைத் தூண்டும் செனா, பிசகொடைல் போன்ற மருந்தையும் சேர்த்து எழுதுவது முறை. உங்களுக்கு அது எழுதப்பட்டு மருந்துத் துண்டில் விடுபட்டதா, எழுதப்படவேயில்லையா என்று கேளுங்கள். வாழைப்பழமும் கீரையும் மட்டும் கொடுத்து இதைச் சமாளிக்க முடியாது.

கருமணி சுருங்குவதும் இதே வாங்கியின் வேலைதான். மூளைத் தண்டில் கருமணியைச் சுருக்கும் நரம்பின் அடக்கு நீங்கிவிடுகிறது. மோர்பீன் எடுக்கும் எல்லோருக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அது மட்டும் இருந்தால் பயமில்லை. பயப்பட வேண்டியது, கருமணி சுருங்கியிருக்க, ஆளைத் தட்டி எழுப்பினாலும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி இடைவெளி விட்டு வருவது. மூச்சின் தாளத்தை எழுப்பும் கலங்கள் மூளைத் தண்டில் இருக்கின்றன, அவற்றிலும் மியூ வாங்கி உண்டு. அளவு மிஞ்சினால் அந்தத் தாளம் மந்தமாகும். அவ்வேளையில் வைத்தியசாலையில் நலொக்சோன் ஊசி போடுவார்கள். அது அதே குழியில் மோர்பீனைத் தள்ளிவிட்டு அமரும், ஆனால் வாங்கியைத் திருப்பாது. அதன் வேலை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும், மோர்பீன் இன்னும் உடம்பில் இருக்கும்; ஆகவே கண்விழித்தார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது.

பெரியப்பாவின் பயத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சிறிய அளவில் தொடங்கி, நோவைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டும்போது மூச்சு மையம் பழகிக்கொண்டே வருகிறது, நோவும் மூச்சைத் தூண்டிக்கொண்டு நிற்கிறது. முறையாக அளந்து வாயால் கொடுக்கும் மோர்பீன் உயிரைக் குறைப்பதில்லை. கடைசி நாட்களில் தொடங்கப்படுவதைப் பார்த்துப் பழகியதால், மருந்து வந்ததால்தான் மரணம் வந்தது என்று நம் ஊரில் எண்ணிக்கொண்டார்கள். உலக சுகாதார அமைப்பு 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மோர்பீன் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

அடிமையாவது பற்றியும் பிரித்துச் சொல்ல வேண்டும். சில வாரங்கள் எடுத்த பிறகு திடீரென நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், மயிர்க் கூச்செறியும், வயிற்றோட்டம் ஏற்படும். வாங்கி அடக்கி வைத்த கலங்கள் அதை ஈடுசெய்யத் தம் உள் இயக்கத்தைக் கூட்டியிருப்பதால், அடக்கு நீங்கியதும் துள்ளி எழுகின்றன. இது உடம்பு பழகியதன் விளைவு, யாருக்கும் வரும். அடிமைத்தனம் என்பது வேறு: தீங்கு வருகிறது என்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலையும் மனநிலை அது. புற்றுநோய் நோவுக்கு வைத்தியரின் கண்காணிப்பில் எடுப்பவரிடம் அது அரிது. ஆகவே பெரியப்பா சொல்வதுபோல் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள்; நோவும் திரும்பும், இந்தத் துன்பமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னும் ஒன்றை வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள். மோர்பீனை ஈரல் மாற்றியமைக்கிறது, மாறிய பொருளைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. அந்த மாறிய பொருளில் ஒன்று மோர்பீனைப்போலவே வீரியமுள்ளது. சிறுநீரகம் பலவீனமானால் அது தேங்கி, அதிக மயக்கம், குழப்பம், கைகால் துடிப்பு ஆகியன வரும். நம் மாவட்டங்களில் வயல் செய்தவர்கள் பலருக்குச் சிறுநீரக நோய் இருப்பதால், அப்பாவின் இரத்தப் பரிசோதனையில் அதைப் பார்த்தார்களா என்று அறிந்துகொள்வது நல்லது. சாராயம், டயசிபாம் போன்ற தூக்கக் குளிசை எதையும் வைத்தியரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். போத்தலைப் பூட்டக்கூடிய அலுமாரியில் வையுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் சிறிய அளவும் உயிராபத்தாகும்.

---

உயர்தர மாணவன், அக்கரைப்பற்று:

சேர், ஒரே வாங்கிதான் நோவையும் மூச்சையும் குடலையும் கட்டுப்படுத்துகிறது என்றால், நோவின் இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்தைச் செய்ய முடியாதா?

---

கல்முனை உயிரியல் ஆசிரியர்:

தம்பி, அரை நூற்றாண்டாக எத்தனையோ ஆய்வுகூடங்கள் கேட்டுவரும் கேள்வி இது. 1996இல் பிரான்சில் மியூ வாங்கிக்குரிய பரம்பரையலகை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளுக்கு மோர்பீன் கொடுத்தபோது நோவும் தணியவில்லை, அவை மோர்பீனை நாடவுமில்லை, நிறுத்தியபோது வரும் துன்பமும் வரவில்லை. நன்மையும் தீமையும் ஒரே வாசலால் நுழைகின்றன என்பது அதில் உறுதியாயிற்று.

கப்பா வாங்கி வழியாகப் போய்ப் பார்த்தார்கள். நோவு தணிந்தாலும் மனம் இருண்டு, அமைதியின்மை வந்தது. பின்னர் மியூ வாங்கியின் உள்ளேயே பாதையைப் பிரிக்கலாம் என்று எண்ணினார்கள். வாங்கி நீண்ட நேரம் திருப்பப்பட்டிருந்தால் அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி, ஜி புரதத்தை விலக்கிவிடும். மருந்து பழகிப்போவதற்கு இது ஒரு காரணம். இரண்டாம் வகை அரெஸ்டின் இல்லாத எலிகளில் மோர்பீன் கூடுதலாக நோவைத் தணித்தது என்று 1999இல் தெரிந்ததும், அரெஸ்டினை அழைக்காமல் ஜி புரதத்தை மட்டும் எழுப்பும் மருந்து பாதுகாப்பானதாக இருக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. அவ்வழியில் வந்த ஒலிசெரிடின் 2020இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் மூச்சு மந்தமாகலாம் என்ற எச்சரிக்கை அதன் மேலும் ஒட்டப்பட்டே இருக்கிறது. அந்த நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது என்பதே என் கருத்து.

நீர் கேட்டதற்கு நேர்மாறான மருந்து நம் பாமசிகளிலேயே உண்டு. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் லொபெரமைட் மியூ வாங்கியில்தான் அமர்கிறது. ஆனால் மூளைக்குள் நுழைய முயலும்போது இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள ஒரு புரதம் அதைத் திருப்பி வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே உரிய அளவில் குடலில் மட்டும் வேலை செய்கிறது. வாங்கியையே விட்டுவிட்டு, நோவு நரம்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட சோடிய வாசலை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்து 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சத்திரசிகிச்சைக்குப் பின் வருவது போன்ற குறுகிய கால நோவுக்கானது. இந்தச் சகோதரியின் அப்பாவுக்குரியது அன்று.

---

ஓய்வுபெற்ற தாதி, களுவாஞ்சிகுடி:

தங்கச்சி, வார்டில் இருபத்தெட்டு வருடம் நின்றவள் நான். கொப்பியில் எழுதும் உங்கள் பழக்கத்தை விடவேண்டாம். வைத்தியருக்கு அதைவிடச் சிறந்த தகவல் வேறில்லை. மோர்பீனில் பாதி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். நான்கு மணித்தியாலம் என்று சொல்வது அதனால்தான்: வாங்கிகள் வெறுமையாகி நோவு தலைதூக்க முன்னர் அடுத்த அளவு போய்ச் சேர வேண்டும். பலர் "இப்போது நோவில்லையே, எதற்குக் கொடுப்பது?" என்று ஒரு நேரத்தை விட்டுவிடுவார்கள். அதன் பின் எழும் நோவைத் தணிக்கக் கூடுதல் மருந்து தேவைப்படும், ஆளும் களைத்துப்போவார்.

நேரத்துக்குக் கொடுப்பதற்கு மேலாக, இடையில் நோவு பாய்ந்து எழுந்தால் கொடுக்க ஓர் அளவை வைத்தியர் தனியாக எழுதித் தருவார். குளிப்பாட்டவோ பாய் மாற்றவோ அரை மணித்தியாலத்துக்கு முன்னர் அதைக் கொடுக்கலாமா என்றும் கேட்டு வாருங்கள். அவ்வாறான இடை அளவுகள் ஒரு நாளில் எத்தனை தடவை தேவைப்பட்டன என்று எழுதிவைத்தால், நேர அளவைக் கூட்ட வேண்டுமா என்பதை வைத்தியர் அதிலிருந்தே கணக்கிடுவார். பின்னர் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போடும் நீண்டநேரக் குளிசைக்கு மாற்றினால், அதை உடைக்கவோ பொடியாக்கிக் கரைக்கவோ கூடாது. பன்னிரண்டு மணித்தியால மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

இன்னொன்று. எரிவதுபோல, மின்சாரம் பாய்வதுபோல ஒரு நோவு காலுக்கு இறங்குகிறது என்று அப்பா சொன்னால், அதை அதே சொற்களில் வைத்தியரிடம் சொல்லுங்கள். நரம்பே நசுங்கி எழும் அந்த நோவுக்கு மோர்பீன் மட்டும் போதாது; அமிட்ரிப்டிலின், பிரிகபலின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள்.

அப்பாவின் முதுகில் நீங்கள் கைவைத்திருப்பதும் மருந்துதான். 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் பல் பிடுங்கியவர்களிடம் செய்த ஆய்வொன்றில், வெறும் போலி மருந்தால் நோவு தணிந்தவர்களுக்கு நலொக்சோன் கொடுத்தபோது நோவு கூடியது. தணியும் என்ற நம்பிக்கையிலேயே உடம்பு தன் சொந்த எண்டோர்பினைச் சுரந்து அதே வாங்கிகளைத் தொட்டிருந்தது. மோர்பீன் போத்தலைக் கையில் எடுக்கும்போது வீட்டார் பயத்தோடு பார்த்தால் நோயாளியும் பயப்படுவார். அதை வார்டில் பல தடவை கண்டிருக்கிறேன்.

---

படுவான்கரை மகள்:

பதில் எழுதிய அனைவருக்கும் மனம் நிறைந்த நன்றி. மருந்தாளர் அண்ணன் சொன்னபடி மறுநாள் காலையிலேயே அப்பாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். காலில் பலவீனம் இல்லை, சிறுநீரும் சரியாகப் போகிறது என்று பார்த்துவிட்டு எனீமா கொடுத்தார்கள். அன்றே வயிறு இளகியது. இரவில் போடக் குடலைத் தூண்டும் குளிசையும் எழுதித் தந்தார்கள். சிறுநீரகப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு செவ்வாய்க்கிழமை வரும். இடை அளவு எவ்வளவு என்று கேட்டேன். துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்கள். கொப்பியில் இரண்டு புதிய நிரல்கள் கீறியிருக்கிறேன், ஒன்று இடை அளவுக்கு, மற்றது மலத்துக்கு.

எரியும் நோவு இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டேன். இடது தொடையில் இரவில் மட்டும் கொள்ளிக்கட்டை வைத்ததுபோல் வருகிறது என்றார். மூன்று வாரமாக அவர் அதைச் சொல்லவேயில்லை. இதுவும் அதே நோவின் பகுதிதானே என்று எண்ணியிருந்தாராம். அதை அவருடைய சொல்லிலேயே கொப்பியில் எழுதிவிட்டேன்.

பெரியப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். துருசு பற்றிய பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நேற்று இரவு பத்து மணிக்கு நான் சிரிஞ்சை எடுத்தபோது தன்னிடம் தரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் கோட்டை இரண்டு தடவை சரிபார்த்து, அப்பாவின் தலையைத் தன் கையில் தாங்கி அவரே கொடுத்தார்.